சிவப்பு என்று எழுதிவிட்டேன்

நர்ஸம்மா பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, டிரங்குப் பெட்டியும் படுக்கையும் மாட்டுவண்டியில் ஏறிய பிறகு, பூந்தொட்டியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"இத ரயில்ல கொண்டு போக முடியாது. நீங்க பாத்துக்கிடுங்க" என்றார்.

வாங்கிக்கொண்டேன். பிறர் பொருளை வாங்கி வைத்துக்கொள்வது என்றால் அன்றும் பயம், இன்றும் பயம். இரவல் சொம்பு வாங்கினால்கூட அது நசுங்கிவிடுமோ என்று தூங்கமாட்டேன். இது உயிருள்ள பொருள். வண்டி தெரு முனை திரும்புவதற்குள் நான் தொட்டியை மூன்று முறை இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

ஆட்டையாம்பட்டியில் எங்களுடையது தறிக்காரர் வீடு. நர்ஸம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். தர்மாஸ்பத்திரிக்குப் பிரசவம் பார்க்க வந்தவர். என் நாத்தனாருக்குப் பிள்ளை கால் முன்னால் வந்தபோது, தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தவர் அவர்தான். அதுவரை 'வேதக்காரிக்கு ஊடு தரமாட்டேன்' என்றிருந்த என் மாமியார், மறுவாரமே முன்னறையைக் கழுவி விட்டார். மாசியில் குடிவந்தார் நர்ஸம்மா, புரட்டாசியில் உலகச் சண்டைக்குப் போன சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஏழே மாதப் பழக்கம்.

செடி அவரோடு வந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து பங்களா ஒன்றில் பிரசவத்துக்குத் துணையாக இருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் கொடுத்ததாம். 'கிறிஸ்துமஸ் சமயத்தில் தானாகப் பூக்கும்' என்றார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது பூத்து முடிந்த காலம். ஆகவே நான் அதைப் பச்சையாக மட்டும்தான் பார்த்தேன். பூ எப்படி இருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்போது கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பார்க்க விநோதமான செடி. இலை என்று தனியாகக் கிடையாது. தட்டையான பச்சைக் கணுக்கள், ஒன்றின் நுனியிலிருந்து ஒன்றாக முளைத்து, நாலா பக்கமும் வளைந்து தொங்கும். ஒவ்வொரு கணுவின் ஓரத்திலும் கொடுக்கு மாதிரி இரண்டு மூன்று பல். முள் இல்லை.

"கள்ளிய ஊட்டுக்குள்ள வெச்சா ஊடு வெளங்குமா?" என்று மாமியார் ஆரம்பத்தில் முகம் சுளித்தார். பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, "நண்டு காலை நீட்டிட்டுப் படுத்தாப்பல இருக்குது" என்றார். அன்றுமுதல் அதற்கு நண்டு என்றே பெயர்.

நர்ஸம்மா நாலு விஷயம் சொல்லிப் போனார். நேர் வெயில் படக்கூடாது. தண்ணீர் தேங்கக்கூடாது. மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். மொட்டு வந்துவிட்டால் தொட்டியை நகர்த்தக்கூடாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற ஆள் வேண்டும் என்று அம்மா கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எழுத வரும், ஆனால் வேகமாக வராது. அதனால் அந்த நாலையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன். மண்ணில் விரல் விட்டுப் பார்ப்பதைத்தான் அளவுக்கு மீறிச் செய்தேன். பத்து நாளில் தொட்டி மண் எல்லாம் எறும்புப் புற்று மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிட்டது.

முதல் ஆபத்து மாமியார் உருவில் வந்தது. ஒருநாள் மத்தியானம் சோற்றுக்குத் துவையல் வைத்தார். நான் தண்ணீர் எடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன், நண்டுக்கு மூன்று காலைக் காணோம்.

"அத்தை, செடியைக் கிள்ளுனது ஆருங்க?"

"நாந்தான். நல்ல எளம் பெரண்டையா இருந்துச்சு. புளியும் மொளகாயும் வெச்சு அரைச்சேன். ஆனா ஒண்ணு புள்ள, உங்க நர்ஸம்மா பெரண்டையில காரமே இல்ல. சப்புனு இருக்குது."

அது பிரண்டை இல்லை என்று சொன்னதும் அவர் வாயில் வைத்த கவளத்தை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு மென்று விழுங்கிவிட்டார். நான்தான் அன்று பொழுது சாயும்வரை அவர் பின்னாலேயே நடந்தேன். வயிறு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில், "நீ கேக்கிற கேள்வியிலதான் சாமி எனக்கு வவுறு வலிக்குது" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது ஆபத்து நானே உண்டாக்கியது. நூலுக்குப் பசை ஏற்றக் காய்ச்சும் கஞ்சியில் மிச்சம் இருந்தது. நூலுக்கு வலு கொடுக்கிற கஞ்சி செடிக்குக் கொடுக்காதா என்று இரண்டு அகப்பை ஊற்றினேன். மூன்றாம் நாள் தொட்டியில் கட்டெறும்பு. ஒரு வாரத்தில் அடிக்கணு அழுகி, காலெல்லாம் துவண்டு தொங்கியது. நல்லவேளை, நுனிப் பக்கம் உயிர் இருந்தது. அதைக் கிள்ளி, ஒருநாள் நிழலில் காயவைத்து, ஆற்று மணலும் மக்கிய இலையும் செங்கல் பொடியும் கலந்து வேறு சட்டியில் ஊன்றினேன். மூன்று சட்டியில் மூன்று துண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான். மூன்றும் பிழைத்தன.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. வெளியே வைத்தால் ஆடு; முற்றத்தில் வெயில்; சமையற்கட்டில் புகை. யோசித்து யோசித்துத் தறி அறையைக் கண்டுபிடித்தேன். இழை அறாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம், ஆகவே சித்திரை வெயிலிலும் அந்த அறை குளிர்ந்து கிடக்கும். குழித்தறிக்கு எதிரே சுவரில் ஒரு மாடம் உண்டு. அதில் மூன்று சட்டியையும் வரிசையாக வைத்தேன். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பொழுது விழுந்த பிறகும் பார்க்கலாம். மாடத்துக்கு நேர் மேலேதான் அரிக்கேன் விளக்கு தொங்கியது. தீபாவளிக்கு முன்னால் தொடங்கினால் தைப்பொங்கல் வரைக்கும் என் வீட்டுக்காரர் விளக்கு வைத்தும் நெய்வார். இவ்வளவு தோதான இடம் கிடைத்ததே என்று நான் மனதுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மார்கழி வந்தது. நண்டு காலை நீட்டிக்கொண்டு பச்சைப்பசேல் என்று இருந்தது. ஒரு மொட்டு இல்லை.

அப்போது நர்ஸம்மாவிடமிருந்து கார்டு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கூடாரத்தில் இருப்பதாகவும், இந்த வருஷம் தனக்குக் கிறிஸ்துமஸ் என்று ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருந்தார். 'இந்நேரம் செடி பூத்திருக்குமே? அது அங்கே பூத்திருக்கிறது என்று தெரிந்தாலே எனக்குப் போதும்' என்று முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேனோ. பதிலை முதலில் பலகையில் எழுதிப் பார்த்தேன். 'செடி நன்றாக இருக்கிறது. பூக்கவில்லை.' உண்மைதான். ஆனால் கூடாரத்தில் இருக்கிறவருக்கு அதையா எழுதுவது? துடைத்தேன். 'பூத்திருக்கிறது' என்று எழுதினேன். அது ஒற்றையாக மொட்டையாக நின்றது. படிப்பவர் நம்பமாட்டார் என்று பட்டது. அன்று தறியில் சிவப்புக் கரைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. என் மடியில் சிவப்பு நூல் கிடந்தது. 'சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது' என்று எழுதி, கார்டில் நகலெடுத்து, அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டேன். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டது. கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்றுகூடப் பார்த்தேன்.

பதில் வந்தது. 'சிவப்பாகப் பூத்திருக்கிறதா! மிகவும் சந்தோஷம். உங்கள் கடிதத்தை இங்கே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.' நல்ல காரியம் செய்தோம் என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷமும் மொட்டில்லை. கார்டு மட்டும் தவறாமல் வந்தது. 'இந்த வருஷமும் சிவப்புத்தானா?' என்று கேட்டிருந்தார்.

என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தறிக் குழியிலிருந்தபடி, "என்ன எழுதப் போற?" என்றார்.

"போன வருசம் செகப்புன்னு எழுதிப்போட்டு இப்பப் பூக்கலீன்னு எழுதுனா நல்லா இருக்குமாங்க?"

"அப்ப ஒண்ணு பண்ணு. போன வருசத்தைவிட நல்ல செகப்புன்னு எழுதிப்போடு."

அவர் கேலிக்குச் சொன்னார். நான் அப்படியே எழுதினேன்.

மூன்றாவது வருஷம் எனக்குச் செடியைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. சண்டையால் நூல் கிடைக்கவில்லை. ஒரு பாவு முடிந்தால் அடுத்த பாவுக்கு நூல் எப்போது வரும் என்று தெரியாது. சீமெண்ணெயும் இல்லை, கிடைத்ததைச் சமையற்கட்டுச் சிம்னி விளக்குக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக வைத்துக்கொண்டோம். ஐப்பசியிலிருந்து பொழுது சாய்ந்தால் தறி நின்றுவிடும். அரிக்கேன் விளக்கு அதே கொக்கியில் வெறுமனே தொங்கியது. நெய்யாத அறையில் தண்ணீர் தெளிப்பார் இல்லை. நான் தொட்டிப் பக்கம் போவதே அபூர்வம். நினைவு வந்தால் ஒரு கை தண்ணீர், அவ்வளவுதான். இரவெல்லாம் நூலைப் பற்றியே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

கார்த்திகைப் பாதியில் கார்டு வந்தது. 'பதினைந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஊருக்குப் போகும் வழியில் சேலத்தில் இறங்கி உங்களைப் பார்த்துவிட்டுப் போகிறேன். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது வருவேன்.'

கார்டோடு தறி அறைக்கு ஓடினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மாடத்தை நேராகப் பார்க்கிறேன். நண்டின் ஒவ்வொரு கால் நுனியிலும் அரிசி அளவில் ஏதோ இருந்தது. புழுவென்று நினைத்து விரலை இழுத்துக்கொண்டேன். பிறகு குனிந்து பார்த்தால், மொட்டு. மூன்று சட்டியிலும் மொட்டு.

"அத்தை! இங்க வாங்க! ஏனுங்க, நீங்களும் வாங்க!"

இரண்டு பேரும் எதுவோ விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். மாமியார் பார்த்துவிட்டு, "அட, நண்டு முட்டை வெச்சிருக்குது!" என்றார்.

அன்றிலிருந்து இருபது நாள் அந்த அறையில் யாரையும் சத்தமாகத் தும்மவிடவில்லை. மொட்டு வந்தால் நகர்த்தக்கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாரல்லவா? ஒட்டடை அடிக்க வந்த மாமியாரைக் கதவிலேயே மறித்தேன். மொட்டு அரிசியிலிருந்து நெல்லாகி, நெல்லிலிருந்து ராட்டைக் கதிர் நுனி மாதிரி நீண்டது. இனிப் பயமில்லை, நம் பொய் மெய்யாகப் போகிறது என்று நினைத்தேன். நிறம் மட்டும் இன்னும் தெரியவில்லை. பச்சையும் வெளுப்புமாக இருந்தது. சிவக்கும், சிவக்கும் என்று காத்திருந்தேன்.

நர்ஸம்மா வருவதற்கு முந்தின நாள் காலையில் முதல் பூ விரிந்தது. ஒரு பூவின் வாயிலிருந்து இன்னொரு பூ பிறந்தது மாதிரி அடுக்கடுக்காக, இதழ்கள் பின்னால் வளைந்து, பறக்கப் போகிற சிறு குருவி போல இருந்தது. அவ்வளவு அழகு. அத்தனையும் வெள்ளை. தும்பைப் பூ வெள்ளை. உள்ளே காம்பு மட்டும் ஒரு கீற்று ரோஸ்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பூத்திருக்குதே, அப்பறம் எதுக்கு மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வெள்ளையாப் பூத்திருக்குதுங்க. நான் ரண்டு வருசமாச் செகப்புன்னு எழுதியிருக்கறனே!"

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாம தறிக்காரங்கதானே? சாயம் போட்டுரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போன பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை. சண்டைக்கு முந்தி வாங்கிய சிவப்புச் சாயம் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தது. மறுநாள் காலையில், மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, கொட்டாங்கச்சியில் அதைக் கரைத்து, நூல் நுனியை நனைத்துப் பூவின் மேல் வைத்தேன். சாயம் பிடிக்கவே இல்லை. கழுவாத எண்ணெய் நூலில் சாயத்தை ஊற்றினால் எப்படி உருண்டு ஓடுமோ அப்படி ஓடியது. விட்டுவிடவும் மனமில்லை. ஓர் இதழைப் பிடித்துத் தேய்த்தேன். அது கசங்கியது. கசங்கிய இடத்தில் மட்டும் ஒரு திட்டு பிடித்தது. குங்குமம் சிந்தியது மாதிரி, ஒரே ஓர் இதழில். அதைப் பார்த்ததும்தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கொட்டாங்கச்சியைக் குப்பையில் கவிழ்த்தேன். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சாம்பலுக்கு அது அசையவில்லை.

கரியில் ஓடும் பஸ் அன்று மணிக்கணக்காகத் தாமதித்து வந்தது. நர்ஸம்மா மெலிந்திருந்தார். முகத்தில் கரிப்புகை. வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்தார். பிடித்தவர் குனிந்து பார்த்தார்.

"கையில என்ன இது சிவப்பு?"

நான் கையை இழுத்துக்கொண்டேன். மாமியார்தான் உள்ளேயிருந்து, "காத்தால இருந்து தேச்சுக்கிட்டே இருக்கறா, என்னன்னு கேட்டாச் சொல்லமாட்டேங்கறா" என்று போட்டுக்கொடுத்தார்.

நான் நர்ஸம்மாவைத் தறி அறைக்குக் கூட்டிப் போனேன். இப்போது ஏழெட்டுப் பூ விரிந்திருந்தது. அத்தனை வெள்ளைக்கும் நடுவில் அந்த ஒரு சிவப்புத் திட்டுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் மாடத்தின் முன்னால் நின்றார். பிறகு பூவைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பினூடே கண்ணைத் துடைத்தார்.

"நான் பொய் எழுதிப்போட்டேனுங்க" என்றேன். "ரண்டு வருசமும் பூக்கலீங்க."

"தெரியும்லா."

"தெரியுமுங்களா?"

"மலையில நான் பூவோடதானே பாத்தேன்? பூ வெள்ளைன்னு எனக்குத் தெரியாதா? நீங்க சிவப்புன்னு எழுதுனதும் எனக்கு விளங்கிப்போச்சு, செடி செத்துப்போச்சுன்னு. இந்தப் பிள்ளை அத எழுத முடியாமத் தவிக்குதேன்னு நெனச்சேன். அடுத்த வருசம் சிவப்புத்தானான்னு கேட்டா உண்மையச் சொல்லிருவீங்கன்னு பாத்தா, நீங்க இன்னும் நல்ல சிவப்புன்னு எழுதுதீங்க! செடி போனாப் போகட்டும், அதுக்காக மனசப் போட்டு அலட்டிக்கிடாதீங்கன்னு நேர்ல சொல்லிட்டுப் போகத்தான் எறங்குனேன். இங்க வந்து பாத்தா ஒண்ணுக்கு மூணா நிக்குது."

"சாயம் வெளுத்துப்போச்சு, போ!" என்றார் மாமியார். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "நாங்கூடச் செகப்புன்னுதான் தெருவெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறேன்."

நர்ஸம்மா மாடத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு வருஷம் பூக்காதது மூன்றாம் வருஷம் ஏன் பூத்தது என்று கேட்டார். கஞ்சி ஊற்றியதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் நிமிர்ந்து கொக்கியில் தொங்கிய அரிக்கேன் விளக்கைப் பார்த்தார்.

"இது எரியிறது உண்டா?"

"தீவாளியிலிருந்தே இல்லீங்க. எண்ணெய் ஏது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அந்தப் பங்களாவுல இது பின்பக்கத்து வராந்தாவுல இருந்துச்சு. அங்க வெளக்கே கிடையாது. பொழுது அடைஞ்சா இருட்டும் குளிரும்தான்" என்றார் நர்ஸம்மா.

அவ்வளவுதான் பேசினோம். விளக்கா, குளிரா, தண்ணீர் குறைந்ததா என்று அறுதியிட்டுச் சொல்ல எங்களில் யாருக்கும் படிப்பில்லை. ஆனால் நான் இரவும் பகலும் கண்ணில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று விளக்கடியில் வைத்திருந்தேன். அது தூங்கவே முடியாமல் இருந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. சீமெண்ணெய் திரும்பக் கிடைத்த பிறகும், ஐப்பசி பிறந்தால் மூன்று சட்டியையும் தரையில் இறக்கிவைத்து, பொழுது சாய்ந்ததும் கோழி மூடும் பெரிய பஞ்சாரக் கூடையால் மூடி, மேலே ஒரு கறுப்புத் துணியைப் போட்டுவிடுவேன்; விடிந்த பிறகுதான் திறப்பேன். மொட்டு கண்ணுக்குத் தெரிந்ததும் கூடையை எடுத்துவிடுவேன். திறந்து பார்க்காமல் ஒரு ராத்திரி இருப்பது எனக்கு முதலில் பெரும்பாடாக இருந்தது. பழகிக்கொண்டேன். அதன்பிறகு அநேகமாக எல்லா வருஷமும் பூத்தது.

அன்று நர்ஸம்மா சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஒரு சட்டியை ஈரத்துணி சுற்றி எடுத்து வைத்திருந்தேன். வேண்டாம் என்றுவிட்டார். மொட்டு இருக்கும்போது நகர்த்தக்கூடாது என்று அவரே சொன்னதை எனக்கு ஞாபகப்படுத்தினார். சாயம் பட்ட பூவை மட்டும் காம்போடு கிள்ளி, பெட்டியிலிருந்த வேதப்புத்தகத்துக்குள் வைத்து மூடிக்கொண்டார். அது கசங்கின பூவாயிற்றே, நல்லதாக வேறு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

பஸ் போன பிறகுதான் எனக்கு அடுத்த கவலை பிடித்தது. ஈரப் பூவை வைத்தாரே, அந்தச் சாயம் இறங்கி வேதப்புத்தகத்தின் தாளெல்லாம் சிவப்பாகிவிட்டால்? சாமி புத்தகமல்லவா? தை பிறந்தும் இதே நினைப்புத்தான். கேட்டு எழுதலாமா என்று பலகையை எடுத்து எடுத்து வைத்தேன்.

மாசியில் அவரே எழுதினார். மாமியாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தேன். 'உங்கள் சிவப்புப் பூ பத்திரமாக இருக்கிறது. வெள்ளை இதழெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. சாயம் மட்டும் அப்படியே இருக்கிறது. தாளில் கொஞ்சமும் இறங்கவில்லை.'

"பின்ன, நம்ம ஊட்டுச் சாயம் எறங்குமாக்கும்?" என்றார் மாமியார்.